கோரையும் கிழங்கும்: ஓர் எண்ணெய் ஏகபோகத்தின் கதை

(கோட்டுச்சேரியில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

ஏகபோக முதலாளியைச் சட்டம் போட்டே அடக்கிவிடலாம் என்று சிலர் நமக்கு உபதேசம் செய்கிறார்கள். அது நடக்கிற காரியமா? நடந்த ஒரு கதையைப் பார்ப்போம்.

நம் பாட்டன்மார் குடிசையில் எரித்த சீமெண்ணெய் கப்பலேறி வந்தது. அதை இந்த நாட்டில் விற்ற அன்னியக் கம்பெனிகளில் ஒன்று ஸ்டாண்டர்டு ஆயில். 1870-ல் அமெரிக்காவில் ராக்பெல்லர் என்ற முதலாளி அதை ஆரம்பித்தான்.

எப்படி வளர்ந்தான்? ரயில் கம்பெனிகளோடு ரகசிய ஒப்பந்தம் செய்துகொண்டான். நெல் ஏற்றும் வண்டிக்காரன் பெரிய வியாபாரியிடம் பாதிச் சத்தமும், சின்ன வியாபாரியிடம் முழுச் சத்தமும் வாங்கி, அதிலும் ஒரு பங்கைப் பெரியவனுக்கே கொடுத்தால் சின்னவன் பிழைப்பானா? அதுதான் நடந்தது. 1872-ல் கிளீவ்லாந்து நகரின் 26 சுத்திகரிப்பு ஆலைகளில் 22-ஐச் சில வாரங்களில் விழுங்கினான். பத்தாண்டுக்குள் அமெரிக்க எண்ணெய் சுத்திகரிப்பில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அவன் கையில்.

மக்கள் கொதித்தார்கள். 1890-ல் ஏகபோகத்தை எதிர்த்து ஷெர்மன் சட்டம் வந்தது. அது ராக்பெல்லரைத் தொடுமுன் யார் மேல் பாய்ந்தது தெரியுமா? 1908-ல் தொப்பித் தொழிலாளர் சங்கத்தின் மேல்! முதலாளியின் சரக்கைப் பகிஷ்கரித்தது குற்றமாம்.

1911 மே 15-ல்தான் ஸ்டாண்டர்டு ஆயிலை உடைக்கத் தீர்ப்பு வந்தது. ஒரு கம்பெனி 34 ஆயிற்று. முதலாளி அழிந்தானா? 34-லும் அவனுக்குப் பங்கு. பங்கு விலை ஏறிற்று. முன்னைவிடப் பெரும் பணக்காரன் ஆனான். 1914 ஏப்ரலில், அவன் குடும்பத்தின் ஆதிக்கத்திலிருந்த கொலராடோ நிலக்கரிக் கம்பெனியில் வேலைநிறுத்தம் செய்தவர்களின் கூடாரங்கள் லட்லோவில் கொளுத்தப்பட்டன. ஒரே குழிக்குள் 2 பெண்களும் 11 குழந்தைகளும் மாண்டார்கள்.

துண்டுகளில் பெரிய இரண்டான எக்ஸானும் மோபிலும் 1999-ல் மறுபடி ஒன்றாயின. அறுத்துப் போட்ட கோரை வயலில் திரும்ப முளைத்த கதை! கிழங்கு மண்ணிலேயே இருந்தது. சொத்துடைமைதான் அந்தக் கிழங்கு.

அந்தத் துண்டுகளின் வாரிசு நம் நாட்டிலும் இருந்தது: ஸ்டான்வாக், பிறகு எஸ்ஸோ. பர்மா ஷெல், கால்டெக்ஸ் கம்பெனிகளோடு சேர்ந்து நம் சந்தையைப் பங்கு போட்டது. 1960-ல் சோவியத் நாடு மலிவாகக் கச்சா எண்ணெய் தர முன்வந்தது. சுத்திகரிக்க மாட்டோம் என்றன இந்தக் கம்பெனிகள். ஆனால் 1956-ல் அமைந்த எண்ணெய் இயற்கை எரிவாயு கமிஷன், சோவியத் நிபுணர்களின் உதவியோடு நாட்டிலேயே எண்ணெய் எடுத்துக் காட்டியது. நமக்குப் பக்கத்து நரிமணத்தில் எண்ணெய் எடுத்ததும் அதுவே. 1974-ல் எஸ்ஸோவையும் 1976-ல் பர்மா ஷெல்லையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அவைதான் இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம்.

இங்கே கிழங்கில் கை வைத்தோம். ஆனால் காவல் இல்லாவிட்டால் என்ன ஆகும்? பார்லிமெண்டைக் கேட்காமல் இவற்றை விற்கக் கூடாது என்று 2003-ல் சுப்ரீம் கோர்ட் தடுத்தது. 2016-ல் தேசியமயச் சட்டங்களையே ரத்து செய்தார்கள். 2019-ல் பாரத் பெட்ரோலியத்தை விற்க முடிவெடுத்தார்கள். தொழிலாளர்கள் எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். வாங்க வந்தவர்கள் விலகவே 2022-ல் விற்பனை கைவிடப்பட்டது. நாளை வாங்க ஆள் வந்தால்?

தோழர்களே! வயலுக்கு இறைக்கிற எஞ்சினுக்கும், ஆலைக்குப் போகிற பஸ்ஸுக்கும் டீசல் வேண்டும். அதன் சாவி ஒரு முதலாளியின் மடிக்குப் போனால் உழவனும் தொழிலாளியும் சேர்ந்தே தவிப்போம். ஆகவே அதைக் காக்கவும் சேர்ந்தே நிற்போம். கோரையைக் கிழங்கோடு பிடுங்கத் தெரிந்தவர்கள் நாம்!