மரக்கறிப் பாத்தியும் நத்தையும்



லிந்துலைப் பக்கத்திலே மழைக்காலத்து விடியற்காலை ஒன்றை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். இரவெல்லாம் பெய்த மழை சற்றே ஓய்ந்திருக்கின்றது. பனிமூட்டம் தேயிலை மலைகளை இன்னும் விட்டகலவில்லை. லயத்தின் பின்புறத்தே, கானுக்கும் தேயிலைக்கும் இடையிலுள்ள ஒரு துண்டு நிலத்திலே, முதல்நாள் மாலை நட்ட கோவா நாற்றுக்களைப் பார்க்க ஒரு தாய் செல்கின்றாள். நாற்றுக்கள் நின்ற இடத்திலே வெறுந் தண்டுகளே நிற்கின்றன. மண்ணின் மீது வெள்ளிக் கம்பி இழுத்தாற்போலப் பளபளக்கும் கோடுகள் ஓடுகின்றன. இரவிலே வந்த திருடன் தன் வழித்தடத்தை மறைக்கவில்லை. நத்தை வந்து போயிருக்கின்றது.

அந்த நிலம் அளவிற் சிறியது. ஆயினும், நாள் முழுவதும் கொழுந்து பறித்துத் திரும்பும் ஒருத்தி தன் விருப்பப்படி பயிரிடக்கூடிய நிலம் அது ஒன்றே. பிள்ளைகளின் சோற்றோடு சேரும் போஞ்சியும், கரட்டும், கோவாவும் அதிலிருந்தே வருகின்றன. மிஞ்சியதை விற்றாற் கொப்பி வாங்கவும் உதவும். ஆகவே கோபங்கொண்ட அவள், கடையிலே விற்கும் நச்சுக்குளிசையை வாங்கித் தூவிவிடலாமா என்று எண்ணுவது இயல்பே. ஆனால் அதே நிலத்திலே கோழி மேய்கின்றது. நாய் முகர்ந்து திரிகின்றது. தவழும் குழந்தை மண்ணை அள்ளி வாயில் வைக்கின்றது. மழைநீர் கான் வழியே ஓடையிற் கலக்கின்றது. அவ்வோடைகள் கொத்மலை ஓயாவாகி, ஈற்றில் மகாவலியைச் சேர்கின்றன. நஞ்சைத் தூவுவது ஒரு கணத்து வேலை. தூவிய பின் அதனைத் திரும்ப அள்ளுவதற்கு வழியில்லை.

நத்தையை வெல்ல வேண்டுமாயின் முதலில் அதன் வாழ்க்கையை அறிய வேண்டும். ஓடுள்ள நத்தையும் ஓடில்லாத நத்தையும் உறவினரே. இரண்டின் உடலும் பெரும்பாலும் நீராலானது. வெயிலும் காற்றும் அவற்றை உலர்த்திவிடும். ஆதலாற் பகலிலே கல்லின் கீழும், பலகையின் கீழும், களைப்புதரிலும், மண்வெடிப்பிலும் மறைந்திருந்து, இருட்டியபின் ஈரத்திலே புறப்படுகின்றன. அவற்றின் நாக்கு ஆயிரக்கணக்கான நுண்ணிய பற்கள் பதிந்த அரம் போன்றது. இலையை அராவியே தின்கின்றன. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாய் இருப்பதால், ஒரு பாத்தியிலுள்ள அத்தனையும் முட்டையிடக் கூடியவை. ஆபிரிக்கப் பெருநத்தை ஒரே முறையில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை மண்ணுள் இடும். ஆகவே இன்று எடுத்தெறியும் ஒரு நத்தை, வரவிருக்கும் ஒரு கூட்டத்தையே தடுக்கின்றது.

இந்தப் பெருநத்தையின் கதை அறியத்தக்கது. இதன் தாயகம் கிழக்காபிரிக்கா. 1847-ஆம் ஆண்டில் பென்சன் என்னும் ஆங்கிலேயர் மொரீசியசிலிருந்து சிலவற்றைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கே ஒரு தோட்டத்தில் அவை விடப்பட்டன. 1900-ஆம் ஆண்டளவில் இது இலங்கையை அடைந்தது. வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலேயே முதன்முதல் விடப்பட்டதாகக் கூறுவர். பத்தாண்டுகளுக்குள் அது பெருகிய விதத்தைக் கண்டு, அரசாங்கப் பூச்சியியலறிஞராய் இருந்த ஏர்னஸ்ட் கிரீன் அதனைப் பற்றி எழுத நேர்ந்தது. குளிர் மிகுந்த மேல்மலைகளிலோ, ஐரோப்பாவிலிருந்து செடிகளோடும் மண்ணோடும் வந்த ஓடில்லா நத்தைகளே மரக்கறிக்குப் பெருந்தொல்லை தருகின்றன.

இங்கே ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். தேயிலையும் வெளியிலிருந்து வந்ததே. கோவாவும் உருளைக்கிழங்கும் அவ்வாறே. வந்தது குற்றமன்று. நத்தையும் தானாக வரவில்லை. மனிதனே அதனைச் சுமந்து வந்தான். சுமந்து வந்தவன், அதனை அடக்கிவைக்கும் பகையை உடன் கொண்டுவரவில்லை என்பதே தொல்லையின் வேர். இலங்கைக் காடுகளுக்கே உரிய நத்தைகளோ பாத்திக்கு வருபவை அல்ல. இந்நாட்டில் அறியப்பட்ட ஏறக்குறைய இருநூற்றைம்பது வகை நிலநத்தைகளுள் மிகப் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஈரவலயக் காட்டு மரங்களில் வாழும் அகாவஸ் என்னும் அழகிய பெருநத்தையின் நெருங்கிய உறவினர் மடகாஸ்கர் தீவில் இருக்கின்றனர். இரு நிலங்களும் ஒன்றாயிருந்த பண்டைக் காலத்தின் சான்று அது. காட்டோரத்தில் எறியும் நச்சுக்குளிசை, திருடனையும் வீட்டுக்காரனையும் பிரித்தறியாது.

நஞ்சு நண்பனையும் கொல்லும் என்பதை இம்மலைநாடு முன்னரே கற்றிருக்கின்றது. லிந்துலைக்கு அண்மையில், தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலே தேயிலை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் புழுவை அடக்குவதற்காக, 1935-36-ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவி இங்கே கொண்டுவரப்பட்டது. குளவி தன் கடமையைச் செவ்வனே செய்தது; புழுவின் தொல்லை அடங்கிற்று. பின்னர், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்டிரின் என்னும் கடுநஞ்சு தெளிக்கப்பட்டபோது, அந்தக் குளவிகள் மடிந்தன. அடங்கிக் கிடந்த சுருட்டுப்புழு மீண்டும் தலையெடுத்தது. ஒரு பகையை ஒழிக்கப் போய், உறங்கிய மற்றொரு பகையை எழுப்பிய கதை இது.

நத்தைக்கும் இயற்கைப் பகைகள் உண்டு. செண்பகப் பறவை பெருநத்தையை ஓட்டோடு உடைத்துத் தின்னும். இரவில் ஒளிரும் மின்மினியின் புழு நத்தையைத் தேடிச் சென்று உண்ணும். இலங்கை விவசாயத் திணைக்களம் 1924-ஆம் ஆண்டிலேயே அதன் வாழ்க்கையை ஆராய்ந்து வெளியிட்டது. தரைவண்டுகளும் தவளைகளும் இளநத்தைகளை உண்கின்றன. நச்சுக்குளிசைகளில் நெடுங்காலம் பயன்பட்டது மெற்றல்டிஹைட் என்பதாகும். பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் விளையும் கேட்டை முன்னிட்டு, பெரிய பிரித்தானியாவிலே 2022-ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவோடு அதனை வெளியிடத்திற் பயன்படுத்துவது தடைசெய்யப்பட்டது. ஆயினும் நத்தைக்குப் பகையென்று வேற்றுநாட்டு உயிரைக் கொண்டுவருவதும் தகாது. 1955-இல் ஹவாய்த் தீவுகளுக்கும், 1970-களில் தாகித்திக்கும் கொண்டுசெல்லப்பட்ட ஊனுண்ணும் நத்தை, பெருநத்தையை விட்டுவிட்டு, அத்தீவுகளின் சொந்த நத்தைகள் பலவற்றை அடியோடு அழித்தது.

அவ்வாறாயின் செய்ய வேண்டியது யாது? நத்தையின் பகல் வீட்டைக் கலைப்பதே முதற்படி. பாத்தியைச் சுற்றிலும் கிடக்கும் உடைந்த பலகை, ஓட்டுத் துண்டு, பழைய தகரம், அழுகிய இலைக் குவியல் ஆகியவற்றை அகற்ற வேண்டும். கான் ஓரத்துப் புல்லைக் குட்டையாக வெட்டிவைக்க வேண்டும். நடுவதற்குச் சில நாட்களுக்கு முன் மண்ணைக் கொத்திப் புரட்டினால், முத்துப் போன்ற முட்டைகள் மேலே வரும். கோழிகளை அப்போது விட்டால் அவை பொறுக்கித் தின்னும். நட்டபின் விட்டாலோ, கோழியே நத்தையின் வேலையைச் செய்துவிடும்!

இரண்டாவது, நத்தைக்கு நாமே ஒரு வீடு அமைத்து, விருந்தினரைக் காலையிற் பிடிப்பது. மலைக்குக் கட்டிச்செல்லும் பழைய படங்கில் ஒரு துண்டை நனைத்துப் பாத்தியோரத்தில் விரித்து, அதன் கீழே கோவாவின் வெளியிலைகளையோ பப்பாசித் தோலையோ வைக்கலாம். பலகையாயின், சிறு கற்களின் மேல் சற்றே உயர்த்தி வைக்கவேண்டும். இரவில் மேய்ந்த நத்தைகள் விடியும்போது அதன் கீழே ஒதுங்கும். காலைப் பெரட்டுக்குப் புறப்படுமுன் அதனைப் புரட்டி, உள்ளவற்றை எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்த பொறி பொறியன்று. நத்தைக்குக் கட்டிக்கொடுத்த மாடமே.

மூன்றாவது, இரவு வேட்டை. மழை ஓய்ந்த இரவில், இருட்டி ஒன்றிரண்டு மணி நேரஞ் சென்றபின், டோர்ச் விளக்கோடு பாத்தியைச் சுற்றி வந்தால், பகலெல்லாம் தேடியும் அகப்படாதவை கண்முன் ஊர்ந்து திரியும். வெறுங்கையாற் பிடித்தல் ஆகாது. குச்சியோ, கையில் மாட்டிய பையோ வேண்டும். பிடித்தவற்றைச் சவர்க்காரமும் உப்பும் கரைத்த வாளிநீரில் இட்டுக் கொன்று ஆழப் புதைக்கவேண்டும். அந்த உப்புநீரைப் பாத்தியிற் கொட்டக்கூடாது. உப்பு மண்ணையே கெடுத்துவிடும். உயிரோடு கானில் எறிவதோ, அடுத்தவர் நிலத்தில் எறிவதோ பயனற்றது. நத்தை திரும்பி வரும், அயலாரின் நட்பு மட்டும் திரும்பி வராது.

நான்காவது, நாற்றைக் காத்தல். இளநாற்றுக்கே ஆபத்து மிகுதி. ஆகவே உயரமான தட்டிலே நாற்றை வளர்த்து, நன்கு தடித்தபின் நடுதல் நலம். பிளாஸ்ரிக் போத்தலின் அடியையும் கழுத்தையும் வெட்டிவிட்டு, நடுப்பகுதியை வளையமாக நாற்றைச் சுற்றி மண்ணில் அழுத்திவைத்தால், சில வாரங்களுக்கு ஓர் அரண் கிடைக்கும். மழை பெய்யாத நாட்களில் நீரை மாலையில் ஊற்றாது காலையில் ஊற்ற வேண்டும். இரவில் மேல்மண் உலர்ந்திருந்தால் நத்தையின் நடை தடைப்படும். செலவே இல்லாத இந்த ஒரு மாற்றம், பல மருந்துகளிலும் மேலானது.

பலர் நம்பும் சில முறைகளைப் பற்றியும் உண்மையைச் சொல்லல் வேண்டும். அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் உலர்ந்திருக்கும்வரை மட்டுமே நத்தையைத் தடுக்கும்; மலைநாட்டு மழையிலே அவை ஓர் இரவும் நில்லா. முட்டைக்கோதை நொறுக்கித் தூவுவதும், செப்புத் தகடு சுற்றுவதும் நாடெங்கும் கூறப்படுபவை. இங்கிலாந்தின் அரச தோட்டக்கலைச் சங்கம் 2018-ஆம் ஆண்டில் சலாதுச் செடிகளைக் கொண்டு இவற்றைச் சோதித்தபோது, இவற்றால் நத்தையின் சேதம் குறைந்ததாகத் தெரியவில்லை. இரு வழிகளும் தீங்கற்றவை. ஆனால் அவற்றை நம்பி இரவு வேட்டையை விடுதல் கூடாது.

தேயிலை நாட்டாருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்றும் உண்டு. தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கபீன் என்னும் பொருள் நத்தைக்கு நஞ்சென்று, ஹவாயில் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள் 2002-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு கரைந்த நீர் நத்தைகளைக் கொன்றது. ஆனால் ஒரு கோப்பைத் தேநீரில் உள்ளது அதன் மிகச் சிறிய பகுதியே. அத்துணைக் கடுமையான கரைசல் சில செடிகளின் இலையையும் கருக்கும். ஆதலால் தேயிலைச் சக்கையைப் பாத்தியில் இடுவோர் மண்ணுக்கு உரமாக இடலாம். நத்தைக்குக் காவலாக எண்ணி ஏமாறவேண்டாம்.

இவ்வளவுஞ் செய்தும் தொல்லை மீறுமாயின், இரும்புப் பொசுபேற்றாலான குளிசை ஏனையவற்றைவிடத் தீங்கு குறைந்தது. அதனையும் விவசாயப் போதனாசிரியரைக் கேட்டு, அளவோடு, பிள்ளைகளுக்கு எட்டாதவாறு பயன்படுத்துதல் நன்று. நத்தை ஊர்ந்த பச்சையிலைகளில் ஒரு நுண்புழு இருக்கக்கூடும். எலியின் நுரையீரலில் வாழும் அப்புழு நத்தை வழியாக மனிதனை அடைந்து, மூளையைச் சூழ்ந்த சவ்வில் அழற்சியை உண்டாக்கும். ஆகவே பச்சையாக உண்ணும் கீரையையும் சலாதையும் இலை இலையாகப் பிரித்துக் கழுவ வேண்டும். நத்தையைத் தொட்ட பிள்ளைகள் சவர்க்காரமிட்டுக் கை கழுவ வேண்டும்.

2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் இந்நாட்டிலே இரசாயன உரமும் கிருமிநாசினியும் இறக்குமதி செய்வது திடீரென நிறுத்தப்பட்டது. பயிர்கள் வாடியபின், நவம்பர் மாதத்தில் அத்தடை விலக்கப்பட்டது. அதிலிருந்து கற்கவேண்டியது ஒன்று. நஞ்சில்லாத வேளாண்மை கட்டளையால் வருவதன்று. கற்றுப் பழகிய கைகளால் வருவது. மருந்தைக் கைவிடுமுன், மருந்து செய்த வேலையைச் செய்யும் பழக்கம் வேரூன்றியிருக்க வேண்டும்.

அப்பழக்கம் ஒரு வீட்டோடு நின்றாற் பயன் குறைவு. ஒரு லயத்திலே பாத்திகள் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கின்றன. நத்தைக்கு வேலியும் எல்லையும் இல்லை. ஒரு வீட்டார் பிடிக்க, அடுத்த வீட்டார் பலகையைக் குவித்து வைத்திருந்தால், பிடித்தது மீண்டும் நிறையும். ஆனால் மழைக்காலத்திலே வாரத்துக்கு இரண்டு இரவு, லயத்தார் அனைவரும் ஒரே நேரத்தில் விளக்கோடு இறங்கினால், சில வாரங்களிலேயே மாற்றம் புலப்படும். பெரியவர்கள் பிடிக்கட்டும், பிள்ளைகள் விளக்கேந்தி எண்ணட்டும். முதல் இரவு எத்தனை, நான்காம் இரவு எத்தனை என்று கொப்பியில் எழுதட்டும். எண்ணிக்கை குறைவதைக் காணும் பிள்ளை, கணக்கோடு இயற்கையையும் கற்கும்.

அந்தத் தாயிடம் மீண்டும் செல்வோம். அவள் மறுபடியும் இருபது நாற்று நடுகின்றாள். இம்முறை நாற்றைச் சுற்றிப் போத்தல் வளையம் இருக்கின்றது. பாத்தியோரத்தில் நனைந்த படங்கு விரிந்திருக்கின்றது. இரவிலே பக்கத்து வீட்டாரும் விளக்கோடு வருகின்றனர். இருபதும் பிழைக்கும் என்று உறுதி கூற முடியாது. இரண்டோ மூன்றோ போகலாம். ஆனால் எஞ்சியவை முற்றி உருண்டு திரளும்போது, அவற்றை அஞ்சாமல் அறுத்துப் பிள்ளைகளுக்குச் சமைத்துக் கொடுக்கலாம். மண்ணில் விளையாடிய குழந்தையை நினைத்து இரவில் விழித்திருக்கவும் வேண்டியதில்லை.