ஆமூர்க் களத்தில் இரு கால்கள்



மற்போரில் எதிரியின் கையையோ காலையோ பிணித்து நிறுத்துதல் அரிய கலை. பிணிப்பவனும் தன் உறுப்பொன்றை அதற்கெனச் செலவிடுகிறான். பற்றிய கை வேறொன்றும் செய்ய இயலாது. எனவே, எதனால் மடக்குவது, எதனை அடுத்த அசைவுக்கென விட்டுவைப்பது என்று நொடிப்பொழுதில் தெளிவதே மல்லனின் அறிவு எனலாம்.

இந்நுட்பம் உணர்ந்து பாடியவர் சாத்தந்தையார். 1894இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றின் 80ஆம் பாட்டு, சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி முக்காவனாட்டு ஆமூர் மல்லனைப் பொருது வென்றதைக் கூறுகிறது. கிள்ளியின் ஒரு கால் எதிரியின் மார்பில் மண்டியிட்டு அழுத்துகிறது. மற்றொரு கால் அவன் செய்யும் உபாயத்தை விலக்கி முதுகுப்புறம் வளைகிறது. பழைய உரை தரும் விளக்கம் இது. முன்னும் பின்னுமாக மல்லன் சிறைப்பட்டான். கால்கள் இரண்டுக்கும் தனித்தனித் தொழில் வகுத்த புலவர், கைகளைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. மூங்கிலைத் தின்ன முயலும் பசித்த யானையை உவமையாக்கி, தலையும் காலும் முறிய மோதினான் என்று முடிக்கிறார். கைகளின் வேலையைக் கேட்போரே உணர்ந்துகொள்ள வேண்டும்.

இத்துணை நுட்பம் எதற்கு? பாட்டில் ஒரு தந்தையின் பெயர் வருகிறது. மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் தித்தன் இப்போரைக் காணவேண்டும் என்கிறார் புலவர். தித்தன் கிள்ளியின் தந்தை என்பர். தந்தையும் மகனும் பகைத்திருந்தனர் என்பதும் உரைமரபு. களத்துக்கு வாராத, மனம் கசந்த ஒருவனுக்கு 'மாவீரன்' என்ற புகழ்மொழி எதனையும் மெய்ப்பிக்காது. எந்தக் கால் எங்கே நின்றது என்று சொன்னால், நம்பாதவனும் காண்பான்.

82ஆம் பாட்டில் கிள்ளியின் போர் விரைவு காட்டப்படுகிறது. ஊரில் விழா, மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அந்நிலையில் கட்டில் பின்னும் தொழிலாளியின் கையில் வாரைச் செலுத்தும் ஊசி எவ்வளவு விரையுமோ, அதனினும் விரைவாக நடந்தது கிள்ளியின் போர். வாரோடு வாரைக் கோத்து இறுக்குவதும் ஒரு பிணிப்பே என்பது நோக்கத்தக்கது. வேந்தன் மகனின் வெற்றிக்கு அளவுகோல் ஓர் ஏழைத் தொழிலாளியின் விரல்கள்!

பத்தாண்டு கண்ட இம்மன்றத்தின் கவிஞர்கள் இவ்விரு பாடல்களையும் அருகருகே வைத்துப் பயிலுதல் வேண்டும். வீரத்தைப் பாட முனைவோர் முதலில் வீரனின் கால்களைப் பார்க்கட்டும். எங்கோ இருக்கும் ஒரு தித்தனுக்கும் அப்போதுதான் களம் தெரியும்.