படத்தின் கீழே ஒரு பெயர்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன மாதம் நமது சங்கச் செயலாளர் போன் செய்தார். "அடுத்த வருஷம் கூடுகையோட சேர்த்து நம்ம கல்லூரியில ஒரு ஓவியக் கண்காட்சி வைக்கலாம்னு இருக்கோம். நீங்க ரமணாசிரமம் பக்கத்துலதானே குடியிருக்கீங்க, அந்த வேலையெல்லாம் பார்த்திருக்கீங்களே, அதப் பத்திப் பேசுங்க" என்றார். நண்பர்களே, நான் ஓவியன் இல்லை. சிவில் இன்ஜினியர். ஒரு கண்காட்சிக்குத் தடுப்புச் சுவர் போட்டு, விளக்கு மாட்டி, பெயர்ச்சீட்டு ஒட்டிய அனுபவம் மட்டுமே எனக்கு உண்டு. அந்த வேலையில் நான் செய்த ஒரு தப்பைத்தான் இன்று உங்கள் முன்னால் சொல்லப் போகிறேன்.

முதலில் எங்கள் பகுதியைப் பற்றி இரண்டு வார்த்தை. செங்கம் சாலையில் ஆசிரம வாசலில் நின்று பாருங்கள். காபிக் கடைச் சுவரில் வெளிநாட்டு ஓவியர் வரைந்த அருணாசல மலை தொங்கும். எதிர்ப்புறம் நடைபாதையில் ஒருவர் கல்லில் நந்தி செதுக்கிக் கொண்டிருப்பார். சந்துக்குள் போனால் வாசலுக்கு வாசல் கோலம். கொஞ்சம் தள்ளி, சம்மட்டியும் உளியுமாகச் சிற்பிகள். ராத்திரி பக்கத்துக் கிராமத்தில் தெருக்கூத்து. புரிசைத் தெருக்கூத்து என்று உலகம் அறிந்த கூத்து, செய்யாறு பக்கத்துப் புரிசையில், நம்முடைய மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஒரே ஊருக்குள் இத்தனை வகைக் கலை இருக்கிறது. ஆனால் 'கண்காட்சி' என்று நோட்டீஸ் அடித்தால் அதில் இடம் பெறுவது பெரும்பாலும் முதல் வகை மட்டும்தான்.

இங்கே ஒரு கேள்வி கேட்கிறேன், யோசித்துப் பாருங்கள். ரமண மகரிஷியின் சிரித்த முகப் படம் ஒன்று உண்டு. திருவண்ணாமலையில் அந்தப் படம் இல்லாத ஆட்டோவைக் காண்பது கஷ்டம். அதை எடுத்தவர் யார்? பெங்களூரைச் சேர்ந்த ஜி.ஜி. வெல்லிங் என்ற புகைப்படக் கலைஞர், 1946இல் எடுத்தார். தினமும் அந்தப் படத்தைக் கும்பிடும் எங்கள் தெருக்காரர்களில் பத்துப் பேரைக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. 1950 ஏப்ரலில் மகரிஷியின் கடைசி நாட்களில் இங்கே வந்து படம் எடுத்த பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோனை மட்டும் உலகம் முழுக்கப் புகைப்படப் பாடப் புத்தகங்களில் படிக்கிறார்கள். இரண்டு பேரும் பெரிய கலைஞர்கள்தான். ஒருவர் பெயர் படத்தோடு சேர்ந்து பயணம் செய்தது, இன்னொருவர் பெயர் வழியிலேயே இறங்கிவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, என் தப்புக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் பகுதியில் சில நண்பர்கள் சேர்ந்து மூன்று நாள் கண்காட்சி ஒன்று வைத்தோம். 'எல்லா வகைக் கலையும் இருக்கணும்' என்று நான்தான் மேஜையைத் தட்டிப் பேசினேன். ஓவியங்கள் வந்தன. புகைப்படங்கள் வந்தன. ஒரு கிராமத்துப் பெரியவரிடமிருந்து கூத்துக் கட்டைகளும் வாங்கி வந்தோம். தெரியாத தம்பிகளுக்குச் சொல்கிறேன். கூத்தாடிகள் அணியும் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் இவற்றைத்தான் கட்டை என்பார்கள். கல்யாண முருங்கை மாதிரி எடை குறைந்த மரத்தில் செதுக்கி, வண்ணக் காகிதமும் கண்ணாடித் துண்டும் ஒட்டிச் செய்வது. விடிய விடியத் தலையில் சுமந்து ஆட வேண்டும் அல்லவா, கனமாக இருந்தால் கழுத்து தாங்காது.

பெயர்ச்சீட்டு எழுதும் பொறுப்பு எனக்கு. முதல் நாள் சாயங்காலம் அந்தப் பெரியவர் வேட்டி கட்டி, துண்டு போட்டு, பேரனைக் கையில் பிடித்துக் கொண்டு வந்தார். ஒவ்வொரு படமாக நிதானமாகப் பார்த்தார். பேரன் சீட்டுகளை எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினான். தன்னுடைய கிரீடத்துக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"தம்பி, இதுல என் பேரு எங்கப்பா?"

"ஐயா, உள்ளூர் கைவினைஞர்னு போட்டிருக்கோமே."

"உள்ளூர்ல எத்தனையோ பேரு இருக்கான். இதச் செஞ்சவன் நான் ஒருத்தன்தானே? அந்த வெள்ளக்கார அம்மா படத்துக்குப் பேரு, ஊரு, வருஷம், வெல எல்லாம் எழுதியிருக்கீங்களே."

அவர் கோபமாகக் கேட்கவில்லை. பஸ்ஸில் மீதிச் சில்லறை கேட்கிற மாதிரிதான் கேட்டார். எனக்குத்தான் நாக்கு ஒட்டிக் கொண்டது.

ஏன் தெரியுமா? என் அப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட். கடை போர்டு, லாரிக்குப் பின்னால் எழுத்து, தேர்தல் வந்தால் சுவர் விளம்பரம், இதுதான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்த வழி. ஒவ்வொரு போர்டிலும் கீழ் மூலையில் 'ஆர்ட்ஸ்' என்று முடியும் தன் கடைப் பெயரைச் சின்னதாகப் போட்டுவிட்டுத்தான் ஏணியிலிருந்து இறங்குவார். ஃபிளெக்ஸ் பேனர் வந்த பிறகு அந்த ஏணிக்கு வேலை குறைந்து போயிற்று. அப்படி ஒருவரின் மகன், இந்தக் கல்லூரியில் ஃபீஸ் கட்ட அந்த பிரஷ்ஷை நம்பியிருந்தவன், இன்னொரு கலைஞனுக்கு 'உள்ளூர் கைவினைஞர்' என்று சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அன்று இரவு அப்பாவை அழைத்து வந்தேன். பெரியவரின் பெயர், ஊர், அவருக்குத் தொழில் கற்றுக் கொடுத்த அவருடைய தகப்பனார் பெயர், எல்லாவற்றையும் ஒரு அட்டையில் பிரஷ்ஷால் எழுதிக் கொடுத்தார். பழக்க தோஷத்தில் மூலையில் தன் கடைப் பெயரையும் போட்டுவிட்டார். நான் அழிக்கச் சொல்லவில்லை. மீதி இரண்டு நாளும் பெரியவர் அந்தக் கிரீடத்துக்குப் பக்கத்திலேயே நின்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் சொன்னார். கூட்டம் அங்கேதான் அதிகம் நின்றது.

ஒரு பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் செங்கம் பக்கம் போக வேண்டும். அந்த வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என்று நூலாகவே வெளியிட்டது. அவற்றில் எடத்தனூர் நடுகல் ஒன்று. முதலாம் மகேந்திரவர்மன் காலம், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். எருமை மந்தையைக் காக்கப் போய் உயிர் விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல் அது. வீரன் உருவத்துக்குப் பக்கத்தில் ஒரு நாய். அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருடங்களுக்கு முன்னால் நம் மாவட்டத்தில் ஒரு நாய்க்குக் கூடப் பெயர்ச்சீட்டு இருந்தது. இன்று நாம் மனுஷனுக்கு எழுத மறந்து போகிறோம்.

பெயர் எழுதினால் மட்டும் போதுமா என்று கேட்டால், போதாது. யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அதைவிட முக்கியம். இதற்கு நம் பக்கத்திலேயே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன.

1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னை ஓவியக் கல்லூரியைச் சேர்ந்த கலைஞர்கள் இஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர்கள் கிராமத்தை அமைத்தார்கள். நிலம் வாங்கப் பணம் எங்கிருந்து வந்தது? பாத்திக் துணி முதலான கைவினைப் பொருட்களைத் தங்கள் கையால் செய்து விற்றார்கள். அந்தக் காசில்தான் நவீன ஓவியத்துக்கு ஒரு வீடு கிடைத்தது. கைவினை தாழ்வு, ஓவியம் உசத்தி என்று பேசுபவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். யாரோ வந்து தங்களைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று அவர்கள் காத்திருக்கவில்லை என்பதும் முக்கியம்.

2012 டிசம்பர் 12இல் கொச்சியில் தொடங்கிய கொச்சி முசிரிஸ் பினாலேயை முன்னின்று நடத்திய போஸ் கிருஷ்ணமாச்சாரி, ரியாஸ் கோமு இருவருமே கலைஞர்கள்தான். 2014 முதல் அதோடு மாணவர்களுக்கென்றே தனிப் பினாலே ஒன்றும் நடந்தது. 2016இல் சென்னை போட்டோ பினாலே தொடங்கியது. 2024-25இல் அதன் நான்காவது பதிப்பில், மதுரை மாவட்டம் வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் 'வானேறும் விழுதுகள்' என்ற கண்காட்சியைத் தொகுத்தார். நம் ஊரிலேயே 2014-15இல் புகைப்படக் கலைஞர் அபுல் கலாம் ஆசாத் முன்னெடுத்த 'புராஜெக்ட் 365' மூலம் பல புகைப்படக்காரர்கள் ஒரு வருடம் திருவண்ணாமலையின் அன்றாட வாழ்க்கையைப் பதிவு செய்தார்கள். தேர்ந்தெடுப்பவர் மாறினால் சுவரில் தெரியும் முகங்களும் மாறுகின்றன.

இந்த இடத்தில் என் வகுப்புத் தோழன் ஒருவன் குறுக்கே கேட்பான், இப்போதும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக் கொண்டிருக்கிறான். "எல்லாரையும் உள்ள விட்டா தரம் என்னடா ஆகும்?" நியாயமான கேள்விதான். எல்லாவற்றையும் மாட்டச் சுவர் போதாது, தேர்வு வேண்டும். ஆனால் நாம் லேபில் என்ன செய்தோம்? உத்தரத்தை வளைத்துச் சோதித்தோம், கம்பியை இழுத்துச் சோதித்தோம், கான்கிரீட் கட்டியை அழுத்திச் சோதித்தோம். யாராவது கயிற்றை நிறுத்தி வைத்து அழுத்திப் பார்த்து, 'இதற்கு வலு இல்லை' என்று ரிப்போர்ட் எழுதினால் நம் புரபசர் விடுவாரா? கூத்துக் கிரீடத்தை எண்ணெய் ஓவியத்தின் அளவுகோலால் அளப்பதும் அப்படித்தான். கோலத்தின் தரத்தைக் கோலம் போடத் தெரிந்தவரும், கட்டையின் தரத்தைக் கட்டை கட்டி ஆடியவரும் சொல்லட்டும்.

காட்டும் முறையிலும் இதே நியாயம் உண்டு. காகிதத்திலும் துணியிலும் உள்ள வேலைகளுக்கு 50 லக்ஸ் வெளிச்சம், எண்ணெய் ஓவியத்துக்கு 200 லக்ஸ் என்பது அருங்காட்சியகங்களில் வழக்கமான வரம்பு. வெளிச்சத்தின் அளவும் அது விழும் நேரமும் பெருகப் பெருகச் சாயம் வெளுக்கும். படத்தின் மையம் தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பார்கள். இதையெல்லாம் நான் ஒழுங்காகச் செய்தேன். ஆனால் அந்தக் கிரீடத்தை டியூப் லைட்டுக்குக் கீழே வைத்துவிட்டேன். அதில் கண்ணாடி ஒட்டுவது எதற்காக? ராத்திரி விளக்கில், ஆடும்போது மின்னுவதற்காக. அசையாமல் வெள்ளை வெளிச்சத்தில் வைத்ததும் செத்த மீன் மாதிரி ஆகிவிட்டது. பெரியவர் சொன்ன பிறகு மூலையை இருட்டாக்கி, பக்கவாட்டில் ஒரு மஞ்சள் பல்பு போட்டேன். உயிர் வந்தது. கோலத்தை ஃபிரேம் போட்டு மாட்ட முடியாது. விடியற்காலையில் போட்டு, மத்தியானத்துக்குள் கால் பட்டு அழிவதுதான் அதன் இயல்பு. கோலத்துக்குக் கண்காட்சி நேரம் காலை 6 மணி என்று நோட்டீஸில் போட வேண்டியதுதான்.

ஆகவே நமது கல்லூரிக் கண்காட்சிக்கு நான் கேட்டுக் கொள்வது இவைதான். ஒன்று, செய்தவர் பெயர் இல்லாமல் எந்தப் பொருளும் உள்ளே வரக் கூடாது. பெயர் தெரியாவிட்டால் மாணவர்கள் நேரில் போய் விசாரித்து வரட்டும். இரண்டு, தேர்வுக் குழுவில் ஒரு கூத்துக்காரரும், ஒரு சிற்பியும், கோலம் போடும் ஒரு பெண்மணியும் இருக்க வேண்டும். குழுவினர் பெயரும் வாசலில் எழுதப்பட வேண்டும், குறை இருந்தால் யாரிடம் கேட்பது என்று தெரிய வேண்டுமே. மூன்று, சீட்டில் தமிழ் முதலில், ஆங்கிலம் அடுத்து. நான்கு, இரவு 8 மணி வரை கதவு திறந்திருக்க வேண்டும், கூலி வேலைக்குப் போகிறவர்கள் அப்போதுதான் வர முடியும். ஐந்து, கலைஞர்களுக்கு வண்டிச் செலவும் ஒரு நாள் கூலியும் கொடுக்க வேண்டும். சால்வை மட்டும் போர்த்தி அனுப்பினால் அடுத்த வருடம் வர மாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. நேற்று நமது பழைய ஆண்டு மலர்களைப் புரட்டிக் கொண்டிருந்தேன். ஆண்டு விழா மேடைக்குப் பின்னால் மலையும் கோபுரமும் தீட்டிய ஒரு பெரிய திரை இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நாம் எல்லோரும் அதற்கு முன்னால் நின்றுதான் குரூப் போட்டோ எடுத்தோம். மலரில் சிறப்பு விருந்தினர் பெயர் இருக்கிறது, மைக் செட்காரர் பெயர்கூட நன்றியுரையில் இருக்கிறது. திரை தீட்டியவர் பெயர் எங்கும் இல்லை. தம்பிகளே, தங்கைகளே, உங்கள் முதல் வேலையாக அந்தப் பெயரைக் கண்டுபிடியுங்கள். பழைய அட்டெண்டர்கள், கடைத்தெருப் பெரியவர்கள் யாருக்காவது தெரிந்திருக்கும். கிடைத்தால் அடுத்த மலரின் முதல் பக்கத்தில் போடுவோம். எழுதிக் கொடுக்க என் அப்பா தயாராக இருக்கிறார்.