படத்தின் விலை யாது?

கலியாண வீட்டுச் செலவைக் கணக்கிடும் பெரியவர்கள் சமையற்காரர் கேட்கும் கூலியைப் பற்றி அதிகம் வாதாடுவதில்லை. இத்தனை பேருக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு காய்கறி, இத்தனை அடுப்பு என்ற கணக்கு அவர்களுக்கே தெரியும். நாதசுரக்காரரின் கூலியும் அத்தகையதே. அவர் எவ்வளவு நேரம் வாசித்தார் என்பதற்கு ஊரே சாட்சி. ஆனால், படப்பிடிப்பாளர் தமது தொகையைச் சொன்னதும், "பொத்தானை அழுத்துவதற்கு இவ்வளவா?" என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. இக்கேள்வி கஞ்சத்தனத்தினாற் பிறப்பதன்று. அத்தொழிலின் பெரும்பகுதி பிறர் கண்ணுக்குப் புலப்படாமையினாற் பிறப்பது.

இந்த மயக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1839ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான டாகேரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, படம் பிடிப்பவர் பாதி இரசாயனவியலாளராகவும் இருக்க வேண்டியிருந்தது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயடீன் ஆவியிற் பதப்படுத்தி, பாதரச ஆவியில் உருவைத் துலக்கி எடுத்தனர். அவ்வேலையைக் கண்டவர் எவரும் அதனை எளிதென்று எண்ணியிரார். 1888ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜோர்ஜ் ஈஸ்ற்மன் கொடக் என்னும் கமராவை விற்பனைக்கு விட்டார். நூறு படங்களுக்குரிய சுருளுடன் அதன் விலை 25 டொலர். பொத்தானை அழுத்துவது ஒன்றே வாங்கியவரின் வேலை, மீதியைக் கம்பனி பார்த்துக்கொள்ளும் என்பதே அதன் விளம்பரம். சுருள் முடிந்ததும் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்புவர். படங்களைத் துலக்கி, அச்சிட்டு, புதிய சுருளை இட்டுத் திருப்பி அனுப்புவதற்குக் கம்பனி 10 டொலர் அறவிட்டது. அழுத்துவதற்கு எவரும் பணம் கேட்கவில்லை. மீதி வேலைக்கே கூலி கேட்கப்பட்டது. அந்த நியாயம் இன்றும் மாறவில்லை.

யாழ்ப்பாணத்துக் கலியாணம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். பொன்னுருக்கு வேறொரு நாளில் நடந்து முடிந்துவிட்டது என்றும், கலியாண நாளில் மட்டும் படப்பிடிப்பாளர் எட்டு மணிநேரம் நின்று இரண்டாயிரம் படங்கள் எடுத்தார் என்றும் கொள்வோர், அடுத்து வரும் கணக்கையும் பார்க்க வேண்டும். ஒரு படத்தைப் பார்த்து, வைப்பதா விடுவதா என்று தீர்மானிக்கப் பத்து விநாடி போதுமென்றாலும், இரண்டாயிரம் படங்களுக்கு ஐந்தரை மணிநேரம் ஆகும். தெரிவு செய்த நானூறு படங்களை ஒவ்வொன்றாய்த் திருத்த இரண்டு நிமிடம் வீதம் பதின்மூன்று மணிநேரத்துக்கு மேல் செல்லும். மண்டபத்தில் நின்ற எட்டு மணிநேரத்துக்குப் பின்னால், ஏறக்குறைய பத்தொன்பது மணிநேர வேலை கணினியின் முன் காத்திருக்கிறது. அல்பம் அமைப்பதும் அச்சகத்துக்குச் சென்று வருவதும் இக்கணக்கிற் சேரவில்லை.

திருத்துவது எதற்கு என்று சிலர் வினவுவர். மண்டபத்து மின்விளக்கின் ஒளி மஞ்சள் சார்ந்தது. வாயில் வழியே வரும் பகலொளி நீலம் சார்ந்தது. கண் இவ்வேறுபாட்டைத் தானே சரிசெய்துகொள்ளும். கமரா அவ்வாறு செய்வதில்லை. ஓமப் புகையினூடே எடுத்த படத்தில் மணமகளின் கூறைச்சேலை தன் நிறத்தைக் காட்டவும், முகம் முகமாகவே இருக்கவும், ஒருவர் பொறுமையோடு உட்கார்ந்து வேலை செய்தாக வேண்டும்.

கருவிகளின் செலவு மற்றொன்று. பல கமராக்களின் திரைமூடி ஓர் இலட்சம் அல்லது இரண்டு இலட்சம் தடவை இயங்குமென்று கணித்தே செய்யப்படுகிறது. மேற்சொன்ன கணக்கின்படி, ஐம்பது கலியாணங்களில் ஓர் இலட்சம் தீர்ந்துவிடும். கமராவும் வில்லையும் வெளிநாட்டிலிருந்து வருபவை. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த நாணயமாற்று, மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறியபோது, இத்தொழிலாளர் ஒவ்வொருவரின் முதலும் அதே வீதத்தில் உயர்ந்தது. முன்னைய கலியாணத்துக்குக் கொடுத்த தொகையையே இன்றும் எதிர்பார்ப்பவர்கள் இதனை மறந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிது பொறுப்பு. கெட்டிமேளம் முழங்கத் தாலி கட்டும் நேரம் சில விநாடிகளே. சுற்றத்தார் அறுகரிசி தூவ எழுந்து நிற்பர். கையை நீட்டி மறைப்பர். எங்கே நிற்க வேண்டும் என்பதை முன்பே அறிந்தவருக்கே அக்காட்சி அகப்படும். தவறிவிட்டால் மறுமுறை கட்டச் சொல்ல முடியாது. ஆதலினாலேயே தேர்ந்தவர் இரண்டு கமராக்களோடும், மேலதிக பற்றறிகளோடும், ஓர் உதவியாளரோடும் வருகிறார். குடும்பத்தார் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, நடக்காமற் போன விபத்துகளுக்காகவே செலவாகிறது.

படம் பிடித்த பின்னும் பொறுப்பு முடிவதில்லை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் வீடுகளை விட்டு இடம்பெயர்ந்தபோதும், 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கரையோர ஊர்களைக் கவர்ந்தபோதும், பலருடைய அல்பங்கள் அழிந்துபோயின. தாய்தந்தையரின் கலியாணப் படமென்று ஒன்றுகூட இல்லாத பிள்ளைகள் வடக்கிலும் கிழக்கிலும் பலர். இன்று படங்களைப் பிரதி செய்து வெவ்வேறிடங்களில் வைப்பது எளிது. எனினும், அதனை ஒருவர் பொறுப்பேற்றுச் செய்ய வேண்டும்.

ஆகவே, ஒழுங்கு செய்யப் போகும் குடும்பத்தார் விலையைக் கேட்பதற்கு முன் வேறு சில கேள்விகளைக் கேட்பது நன்று. நேரில் வந்து படம் எடுப்பவர் யார்? எத்தனை மணிநேரம் நிற்பார்? திருத்தி முடித்த படங்கள் எத்தனை கிடைக்கும்? அல்பத்தில் எத்தனை பக்கம்? எத்தனை நாளிற் கைக்கு வரும்? பிரதிகளை எவ்வளவு காலம் அவர் பேணுவார்? கலியாணம் தள்ளிப்போனால் முற்பணம் என்னாகும்? மணமகளின் படத்தைத் தமது விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதாயின் குடும்பத்தின் சம்மதத்தைக் கேட்பாரா? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் பாதுகாப்புக்குரிய ஆக்கங்களுள் ஒன்றாகக் கொள்கிறது. படத்தின் பிரதியைப் பெறுவதும் அதன் உரிமையைப் பெறுவதும் வெவ்வேறு. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி இரு திறத்தாரும் ஒப்பமிட்டுக்கொண்டால், பின்னர் மனக்கசப்புக்கு இடமிராது.

வசதி குறைந்தவர் என் செய்வது? கூலியைக் குறைக்கச் சொல்வதிலும் வேலையைக் குறைக்கச் சொல்வது முறை. நாள் முழுதும் நிற்க வேண்டாம், பாலறுகு வைப்பது முதல் தாலிகட்டு வரை மட்டும் போதும் எனலாம். விலையுயர்ந்த அல்பத்தை விட்டுவிடலாம். பிள்ளைகள் தலையெடுத்த பின் அதனை அச்சிட்டுக்கொள்ளலாம். முகூர்த்தத்தைப் பின்னர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்க மட்டும் இயலாது.

படப்பிடிப்பாளருக்கும் ஒரு கடமை உண்டு. மொத்தத் தொகையை மட்டும் சொல்லிவிட்டு வாளாவிருப்பது ஐயத்தை வளர்க்கும். எந்த வேலைக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுபவரை மக்கள் நம்புவர். விலை அதிகமென்பதனால் மட்டும் ஒருவர் வல்லவராகிவிடுவதில்லை. ஆதலால், அவர் முன்னர் எடுத்த ஒரு கலியாணத்தின் படங்களை, பொறுக்கிய பத்தை மாத்திரமன்றி, முழுமையாகக் காட்டுமாறு கேட்பதில் தவறில்லை.

பந்தல் மறுநாளே பிரிக்கப்படும், மாலைகள் வாடிவிடும், விருந்தின் சுவையும் சில நாளில் மறந்துபோகும். அன்றைய தினத்தில் வாங்கிய பொருள்களுள், வீட்டு மூத்தவர்கள் மறைந்த பின்பும் பேரப்பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர்வது படங்களே. அவ்வளவு காலம் உழைக்கப்போகும் பொருளுக்கு நியாயமான விலை எது என்பதைக் கலியாணத்துக்கு முன்னரே இரு பகுதியாரும் அமர்ந்து பேசித் தீர்மானிப்பதே அறிவுடைமை.