கதவு திறந்தால் போதாது, தீர்மானமும் தெரியணும்

(ஆதம்பாக்கத்தில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கூட்டம் எப்போ நடந்துச்சு? நமக்கு யாரும் சொல்லலையே!" தெருவில் பள்ளம் தோண்டியதும் நாம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நம்ம ஊர்க் கதையிலிருந்தே தொடங்கலாம். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேரும்வரை ஆதம்பாக்கம், ஆலந்தூர் நகராட்சியில் இருந்தது. 1990-களில் இங்கே பாதாளச் சாக்கடை கிடையாது, செப்டிக் டேங்க்தான். ஆர்.எஸ். பாரதி நகராட்சித் தலைவராக இருந்தபோது பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தது. வீட்டு இணைப்புக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை. அன்றைக்கு அது சின்னத் தொகை இல்லை. இருந்தும் குழாய் பதிக்கும் முன்பே ஏராளமானோர் கட்டினார்கள். ஏன்? குடியிருப்போர் சங்கங்களைக் கூப்பிட்டு, கூட்டம் மேல் கூட்டம் போட்டு, என்ன வேலை, எவ்வளவு செலவு என்று விளக்கினார்கள். விவரம் தெரிந்தால் ஜனங்கள் பணமே கொடுப்பார்கள் என்பதற்கு நாமே சாட்சி.

இன்று அதற்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்றது. தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபைக்கான விதிகள் 2022-ல் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி, உள்ளாட்சிகள் தினத்தன்று, பக்கத்துப் பம்மலில் நடந்த பகுதி சபையில் முதலமைச்சரே கலந்துகொண்டார். உங்கள் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் பகுதி சபை உறுப்பினர்தான். அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் ஒன்று. பத்து பேரை உட்கார வைத்துப் பேசிவிட்டு, எதையும் எழுதாமல் கலைந்தால், கதவு திறந்திருந்தும் அது மூடிய கூட்டம்தான். அடுத்த மழையில் தெருவில் தண்ணீர் நிற்கும்போது, "வடிகால் பற்றி அன்றைக்கே சொன்னோமே" என்று நிரூபிக்க நம் கையில் ஒன்றும் இருக்காது.

அதனால் நான்கு விஷயம் கேளுங்கள். கூட்டத்துக்கு முன்: தேதி, இடம், பொருள் நிரல். கூட்டத்தில்: உங்கள் கோரிக்கையைப் பதிவேட்டில் எழுதினார்களா? கூட்டத்துக்குப் பின்: தீர்மான நகல். அடுத்த கூட்டத்தில்: போன தடவை முடிவெடுத்தது என்ன ஆச்சு?

தரவில்லை என்றால்? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அதன் 4-வது பிரிவு, ஓர் அலுவலகத்தின் குழுக்கள் எவை, அவற்றின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவையா, நடவடிக்கைக் குறிப்புகளைப் பார்க்க முடியுமா என்பதை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. மனு போட வேண்டியிருந்தால், வெள்ளைத் தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வரணும், வராவிட்டால் மேல்முறையீடு.

எல்லாவற்றையும் வெட்டவெளியில் பேச முடியாது என்பதும் உண்மை. ஊழியர் மீதான விசாரணை, டெண்டர் பரிசீலனை போன்றவை கொஞ்ச காலம் அறைக்குள் நடப்பதில் நியாயம் உண்டு. ஆனால் வேலை யாருக்கு, எவ்வளவுக்குக் கொடுக்கப்பட்டது என்ற முடிவு அறைக்குள்ளேயே தங்கக் கூடாது.

கேள்வி கேட்பதைச் சண்டை என்று கவுன்சிலரும் நினைக்க வேண்டாம், நாமும் நினைக்க வேண்டாம். எழுதி வைத்த தீர்மானம் நல்ல அதிகாரிக்கும் பாதுகாப்பு. அடுத்த பகுதி சபைக்கு வரும்போது தெருவுக்கு ரெண்டு பேராவது வாங்க. ஒருத்தர் பேசட்டும், இன்னொருத்தர் நோட்டில் குறிக்கட்டும்.