மனசு சரியில்லை என்றால் எங்கே போவது?

(கொச்சி மட்டாஞ்சேரியில், தமிழ் கற்போர் கூட்டத்தில் தொண்டர் ஒருவர் பேசியது)



காய்ச்சல் வந்தால் எங்கே போவது என்று நமக்குத் தெரியும். மனசு சரியில்லை என்றால் எங்கே போவது? இன்று அதைப் பற்றிப் பேசப் போகிறேன்.

நமக்குத் தெரிந்த ஒரு அக்கா. பேர் வேண்டாம். துணி தேய்க்கும் வேலை. இரண்டு வருஷமாகத் தலை பாரம். ராத்திரி தூக்கம் இல்லை. பிடித்த மீன் குழம்பும் இறங்கவில்லை. ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனார். மலையாளத்தில் கேட்டார்கள். கடைக்குப் போகிற மலையாளம் அக்காவுக்கு நன்றாக வரும். மனசைச் சொல்ல அது போதுமா? "தலவேதன" என்று மட்டும் சொன்னார். தலைவலி மாத்திரை கிடைத்தது. இரண்டு வருஷமும் அதுதான்.

எலும்பு முறிந்தால் எக்ஸ்ரே காட்டும். சர்க்கரையை ரத்தம் காட்டும். மனசின் நோயை எந்த மெஷினும் காட்டாது. நாம் வாயால் சொல்ல வேண்டும். சொல்வதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் துக்கம், களைப்பு, எதிலும் விருப்பமில்லை. வேலை ஓடவில்லை. இது சோம்பேறித்தனம் இல்லை. பேயும் இல்லை. மனச்சோர்வு என்ற நோயாக இருக்கலாம். இதற்குச் சிகிச்சை உண்டு.

ஆனால் சிகிச்சை எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் கணக்கெடுத்தது. தமிழ்நாடும் கேரளமும் அதில் உண்டு. மனச்சோர்வு போன்ற நோய் உள்ள 10 பேரில் 8 பேருக்கு மேல் சிகிச்சையே பெறவில்லை. டாக்டர்கள் குறைவு. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. அதோடு வெட்கம் வேறு.

சிகிச்சை கிடைக்காதவர்களை என்ன செய்தார்கள்? ஏர்வாடியை நினைத்துப் பாருங்கள். 2001 ஆகஸ்ட் 6. தனியார் நடத்திய ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியில் கட்டக் கூடாது.

சரி, டாக்டர் குறைவு என்றால் என்ன செய்வது? இதை ஒருவர் ஆராய்ந்தார். அவர் விக்ரம் பட்டேல். மும்பையில் பிறந்த மனநல மருத்துவர். 1990களில் ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் வேலை செய்தார். அங்கே மனச்சோர்வு என்ற பேரே மக்களுக்குத் தெரியாது. "அதிகமாக யோசிக்கிறேன்" என்பார்கள். நாம் "ஒரே டென்ஷன்" என்கிறோமே, அதுபோல. அங்கே மனநல மருத்துவர்கள் மிகச் சிலரே.

பிறகு அவர் கோவாவுக்கு வந்தார். 1996இல் நண்பர்களோடு 'சங்காத்' என்ற அமைப்பைத் தொடங்கினார். கோவாவில் பேசுவது கொங்கணி. நம் செர்லாயியிலும் கொங்கணிக்காரர்கள் இருக்கிறார்களே, அந்த மொழிதான். சங்காத்தில் டாக்டர் இல்லாத ஊர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் பெரிய படிப்பு படித்தவர்கள் இல்லை. கிட்டத்தட்ட என்னைப் போலத்தான்!

அவர்கள் என்ன செய்தார்கள்? பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்தார்கள். சில நேரம் வீட்டுக்கே போனார்கள். நோயாளியின் மொழியில் பேசினார்கள். முன்பு எது பிடிக்கும் என்று கேட்டார்கள். கோவிலுக்குப் போவதா, பூச்செடி வைப்பதா, அண்டை வீட்டில் போய்ப் பேசுவதா? அதில் சின்னதாக ஒன்றைத் திரும்பத் தொடங்கச் சொன்னார்கள். அடுத்த முறை வந்து, "செய்தீர்களா? எப்படி இருந்தது?" என்று கேட்டார்கள். 6 முதல் 8 முறை இப்படிப் பேசினார்கள்.

2017இல் முடிவு வெளிவந்தது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 100 பேரில் 39 பேர் மூன்று மாதத்தில் தேறினார்கள். கூடவே இந்தப் பேச்சும் கிடைத்தவர்களில் 64 பேர் தேறினார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். காதில் யாரோ பேசுவது போல் கேட்கிறது, செத்துப் போகலாம் என்று தோன்றுகிறது என்றால் பேச்சு மட்டும் போதாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும். அந்த ஆளைத் தனியே விடக் கூடாது.

இங்கே நமக்கு என்ன இருக்கிறது? கேரளத்தில் 14 மாவட்டங்களிலும் மாவட்ட மனநலத் திட்டம் உண்டு. குறிப்பிட்ட நாளில் அரசு ஆஸ்பத்திரிகளில் மனநல கிளினிக் நடக்கும். நம் பக்கத்தில் எங்கே, எந்த நாள் என்று ஆஷா அக்காவிடம் கேளுங்கள். போகும்போது இரண்டு மொழியும் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூட்டிப் போகாதீர்கள். அம்மாவின் துக்கத்தைப் பிள்ளை வாயால் சொல்ல வைக்கலாமா? தைரியமாக என்னைக் கூப்பிடுங்கள், நான் வருகிறேன்.

வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரியில் மனநலச் சிகிச்சை இலவசம். கார்டு இல்லாவிட்டாலும் இலவசம். சட்டமே அப்படிச் சொல்கிறது.

போனிலும் பேசலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு 'டெலி மானஸ்' தொடங்கியது. இரவும் பகலும் எடுப்பார்கள். காசு இல்லை. எந்த மொழி என்று கேட்கும்போது தமிழைத் தேர்ந்தெடுக்கலாம்.

இப்போது நோட்டை எடுங்கள். நம்பரைச் சொல்கிறேன், பெரிதாக எழுதுங்கள்: 14416.

எழுதியாயிற்றா? பெரியம்மா, உங்கள் நோட்டைக் காட்டுங்கள். கடைசியில் 6. ஆமாம், சரி.