காரம் விதையில் இல்லை

சிதம்பரம் கொத்சுக்கு வறுக்க எடுத்த மிளகாய் வற்றலில் ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். விதையில்தான் காரம் என்போம். உண்மையில் அது ஊறுவது விதை ஒட்டியிருக்கும் வெளிறிய சதையில். விதைக்கு இருப்பது ஒட்டிய காரம்தான்!

மிளகாய் நம்மூர்க் காயே அல்ல. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது. மிளகைப் போல் உறைத்ததால் மிளகாய் ஆயிற்று.

அந்த மிளகாயை வீட்டில் வளர்க்க விதை எடுப்பதென்றால், செடியிலேயே சிவக்கப் பழுத்த பழம் வேண்டும். அதுவும் நாட்டு ரகமாக இருக்கட்டும். வீரிய ஒட்டுரக விதை தாய்ச்செடியைப் போலவே காய்க்காது. பக்கத்தில் வேறு ரக மிளகாய் பூத்திருந்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும். ஆகவே கொல்லையில் தள்ளி நிற்கும் செடியே நல்லது. விதையை நிழலில் உலர்த்தி, அடுப்புச் சாம்பலில் புரட்டி, ஈரம் படாமல் வையுங்கள்.

கடலூர்ப் பக்கம் ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் நாற்று தண்டோடு அழுகிச் சாயும். மேட்டுப்பாத்தியில் விதையுங்கள். சுமார் 40 நாளில் நாற்றைப் பிடுங்கி நடலாம்.

ஒன்று மறந்துவிட்டேன். விதை எடுத்த கையால் கண்ணைக் கசக்காதீர்கள். வெறும் தண்ணீருக்கு அந்தக் காரம் போகாது. எண்ணெய் தடவி, பிறகு சோப்புப் போடுங்கள்.